துக்ளக் கல்லறையில் ஒரு மூலை

1999 டிசம்பரில் நாங்கள் டெல்லி போனது ஊர் சுற்றவும் புடவை வாங்கவும்தான். எனக்கு மட்டும் ஒரு வேலை கூடுதலாக இருந்தது. அமெரிக்காவில், ஃப்ரீமான்ட்டில் எங்களுக்குக் கீழ் வீட்டில் இருந்த கரீம் அங்கிள் ஆப்கானிஸ்தான்காரர், கட்டடக் கலைஞர். இளமையில் டெல்லியில் படித்தபோது சுல்தான் கியாசுதீன் துக்ளக்கின் கல்லறையை அளந்து வரைந்தாராம். அந்தப் படங்களெல்லாம் காபூலோடு போய்விட்டன. சர்க்கரை நோயால் ஒரு கண் போய், மறு கண்ணும் மங்கிக்கொண்டிருந்தது. "உள்ளே ஒரே ஒரு மூலையை போட்டோ எடுத்து வா. பார்வை இருக்கும்போதே ஒரு தடவை பார்த்துவிடுகிறேன்" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

கரோல் பாகிலிருந்து காலை எட்டே முக்காலுக்கு டாக்ஸி. நாள் வாடகை எழுநூறு ரூபாய். குதுப் மினாரிலிருந்து கிழக்கே எட்டு கிலோமீட்டரில் துக்ளகாபாத் கோட்டை, சாலைக்கு எதிர்ப்புறம் கல்லறை. குதுப் மினாரைப் பார்த்துவிட்டுப் பதினொன்றரைக்குச் சேர்ந்தோம்.

பதினான்காம் நூற்றாண்டுக் கட்டடம். கல்லறை என்றே நம்ப முடியாது, சின்னக் கோட்டை மாதிரி இருக்கிறது. சிவப்புக் கல் சுவர்கள் உள்பக்கம் சாய்ந்து ஏறுகின்றன. நடுநடுவே பளிங்குப் பட்டைகள், மேலே வெள்ளைக் குவிமாடம். உச்சியைப் பார்த்ததும் என் மனைவி கல்பனா, "நம்ம கோயில் கலசம் மாதிரியே இருக்குங்க!" என்றாள். உண்மைதான். வாசல் வளைவுக்கு அடியிலும் நம் கோயில்களைப் போலக் குறுக்கே ஓர் உத்திரக் கல் கொடுத்திருக்கிறார்கள்.

உள்ளே சதுரம். அதன் மேல் வட்டமான குவிமாடம் எப்படி உட்காரும்? அந்த வித்தை மூலையில்தான் இருக்கிறது என்று அங்கிள் சொல்லியிருந்தார். கேமராவில் ஆறு படம் பாக்கி. மூலையை நோக்கித் தூக்கினேன்.

"ஆள் இல்லாம எதுக்குங்க? ஃபிலிம் வேஸ்ட் பண்ணாதீங்க" என்றாள் கல்பனா.

அவளைச் சொல்லி என்ன? எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆளில்லாத போட்டோ நம் வீட்டு ஆல்பங்களில் எங்கே இருக்கிறது? அவளை இரண்டு, மகளை இரண்டு, என்னை ஒன்று. கடைசிப் படத்துக்கு டிரைவரிடம் கேமராவைக் கொடுத்துவிட்டு மூவரும் நின்றோம். பதர்பூரில் ஃபிலிம் கிடைக்கும், பதினைந்தே நிமிடம் என்றார் அவர். "டாடி, ஐம் ஹங்க்ரி" என்றாள் ஐந்து வயது மகள். மூன்று மணிக்குப் புடவைக் கடை வேறு. கிளம்பலாம் என்று சொன்னது நான்தான்.

ஜனவரியில் ஆறு படங்களையும் அங்கிளிடம் கொடுத்தேன். பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு எங்கள் தலைகளுக்குப் பின்னால், தோள்களுக்கு மேலே, ஒவ்வொன்றாகத் தேடினார். மூலை வளைவு தொடங்க வேண்டிய இடத்தில் எல்லாப் படங்களும் முடிந்திருந்தன. "பெண் நன்றாக வளர்ந்துவிட்டாள்" என்றார். உள்ளே இருட்டு, மூலையை எடுத்தது சரியாக விழவில்லை என்று பொய் சொன்னேன். அது இன்னும் உறுத்துகிறது.

2001 பிப்ரவரியில் தனியாகப் போய் இரண்டு ரோல் எடுத்தேன், முழுக்க மூலைகள். திரும்பி வந்தபோது அவருக்கு வெளிச்சம் மட்டுமே தெரிந்தது.

போகிறவர்கள் காலை பத்துக்குள் போங்கள், கிழக்கு வாசல் வழியாக வெயில் உள்ளே வரும். தண்ணீர் கொண்டுபோங்கள், பக்கத்தில் கடை இல்லை. யாராவது ஏதாவது கேட்டனுப்பியிருந்தால் முதலில் அதை முடியுங்கள். பிறகு கேமராவைப் பையில் போட்டுவிட்டுக் கால் மணி நேரம் அண்ணாந்து பாருங்கள். இரண்டு முறை போயும் நான் அதைச் செய்யவில்லை.

அன்று அங்கிள் அந்த இரண்டு ரோல் படங்களையும் திருப்பி என் கையிலேயே கொடுத்து, "நீ பார்த்தாயே, சொல்" என்றார். "நாலு சுவர், அங்கிள்... மேலே வளைவு..." என்று தொடங்கினேன். அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை. அவரே சொன்னார்: ஒவ்வொரு மூலையிலும் குறுக்கே ஒரு வளைவு, நாலு பக்கம் எட்டாகும், எட்டின் மேல் வட்டம் உட்காரும். "சரிதானே?" என்று கேட்டார்.

கையிலிருந்த படத்தைப் பார்த்துத்தான் ஆமாம் என்றேன்.