சீரை வாசலில் நிறுத்தியவள்

என் மருமகள் பூவாயி மண்டபத்தூரில் மீன் விற்கிறவள். வாய் கொஞ்சம் நீளம்தான், அதை நானே சொல்வேன். ஆனால் அந்த வாய் என் பேத்தி தீபாவுக்குச் செய்த நல்லதையும் சொல்வேன். ஒன்றும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

தீபா என் மகள் செல்லத்தின் பெண். சுனாமி வந்து இரண்டு வருஷம் கழித்து, திருவேட்டக்குடியில் வயதுக்கு வந்தாள். எங்கள் பக்கம் சடங்கு நடக்கும்வரை பெண்ணைத் தனியே உட்காரவைத்து, சொந்தக்காரப் பெண்கள் உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் கொண்டுவந்து ஊட்டுவார்கள். ஊட்டிக்கொண்டே உடம்பையும் பேசுவார்கள்.

"இடுப்பைப் பாரு, ஐஸ் பொட்டி மாதிரி" என்றாள் ஒருத்தி.

"இதுக்கு மேல தின்னா மாப்பிள்ளைய எங்க தேடுறது?" என்றபடி அடுத்த உருண்டையைத் திணித்தாள் இன்னொருத்தி.

பிள்ளை சாப்பாட்டையே விட்டுவிட்டாள். ஒருநாள் காலையில் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போது மயங்கி விழுந்தாள். பட்டினிதான் காரணம் என்றார் டாக்டரம்மா. செல்லம் இந்தப் பேச்சையெல்லாம் போனில் சொல்லி அழுதாள்.

தாய்மாமன் சீர் வீட்டுக்குள் வந்தால்தான் நலங்கு தொடங்கும். தாய்மாமன் என் மகன் பஞ்சநாதன், பூவாயியின் புருஷன். மேளத்தோடு போய்ச் சேர்ந்தோம். பூவாயி சேலைத் தட்டைப் பிடித்தபடி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"சீர் உள்ள வராதுங்க."

மேளம் நின்றது. செல்லத்தின் மாமியார் காசியம்மா முன்னால் வந்தாள். "ஏம்மா, என்ன கொறை வச்சோம்?"

"ஒரு கொறையும் இல்லைங்க அத்தை. நலங்கு வைக்கிறவங்க பிள்ளை ஒடம்பைப் பத்தி வாய தொறக்கக் கூடாது. குண்டுன்னும் கூடாது, ஒல்லின்னும் கூடாது, கறுப்புன்னும் கூடாது."

"அப்ப ஊமையாட்டம் சந்தனம் பூசிட்டு வரணுமா?"

"பேச வேற ஒண்ணுமே இல்லையா? நேத்து ஏலத்துல யாரு ஏமாந்தான்னு பேசுங்க."

சிலர் சிரித்துவிட்டார்கள். பஞ்சநாதன் என் காதில், "நீ சொல்லும்மா அவகிட்ட" என்றான்.

"நான் அவ பக்கம்டா" என்றேன். அவள் நின்ற நிற்பில் எனக்கே முதுகு நிமிர்ந்தது.

நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. காசியம்மா முணுமுணுத்தாள். "சரி, வந்து தொலை."

பெண்கள் சந்தனத்தைத் தொட்டுக்கொண்டு, என்ன பேசுவதென்று திணறினார்கள். ஒருத்தி, "சைக்கிள் ஓட்டுவியாமே?" என்று கேட்டாள்.

"காரைக்கால் வரைக்கும் போவேன்" என்று தலைநிமிர்ந்து சொன்னாள் தீபா. அதற்குப் பிறகு வந்தவர்களிடமும் பேசிக்கொண்டேயிருந்தாள்.

பந்தியில் பூவாயிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். செல்லம் இலை நிறையச் சோற்றை அள்ளப் போக, பூவாயி கையை மறித்தாள்.

"விடுங்க அண்ணி. வேணும்னா அவளே கேப்பா."

தீபா சாம்பார்ச் சோற்றை மெதுவாகச் சாப்பிட்டு முடித்தாள். பிறகு, "ரசத்துக்குச் சோறு போடும்மா" என்றாள். செல்லம் பயந்து பயந்து ஒரு கரண்டி வைத்தாள்.

"இன்னுங் கொஞ்சம்" என்றாள் பிள்ளை, எதிர்வரிசைப் பெண்கள் அத்தனை பேருக்கும் கேட்கும்படி.