இரண்டு பக்கமும் சுற்றும் வளையம்

துளசிங்கத்திடம் மணி கேட்பவர்கள் வெளியூர்க்காரர்களாகத்தான் இருப்பார்கள். பழவேற்காட்டில் பொன்னேரி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் யாராவது, அந்த முரட்டு மணிக்கட்டில் கிடக்கும் தடித்த சீமை வாட்சைப் பார்த்துவிட்டு, "மணி இன்னாங்க?" என்பார்கள். உடனே கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். "கரீட்டாத்தான் ஓடுது. ஆனா என்னிய கேக்காத நைனா, டீக்கடையில கேளு." கேட்டவர் திருதிருவென்று விழிப்பார்.

அந்த வாட்ச் பிறந்து வளர்ந்த கதையைக் கேட்டால் மட்டும் நிறுத்த மாட்டார், பஸ்ஸே போய்விடும். கடலுக்கடியில் முழுகி வேலை செய்பவர்களுக்காகச் செய்தது. "மொத தபா பண்ணதுல தேதி கெடையாது, முள்ளு தடி. அப்பால முள்ள மெலிசாக்கி தேதி வச்சான். கடைசியாத்தான் வளையத்த மாத்தினான்." வளையம் என்னும்போது குரல் இறங்கிவிடும். கண்ணாடியைச் சுற்றித் திருகுகிற வளையம் அது. அதன் புள்ளியை நிமிட முள்ளுக்கு நேரே வைத்துவிட்டால், எவ்வளவு நேரம் கழிந்தது என்று பார்த்தவுடன் தெரியும். துபாயிலிருந்து எவர் வந்திறங்கினாலும் இவர் முதலில் பார்ப்பது மணிக்கட்டைத்தான். வாட்ச் பைத்தியம் என்றே நானும் நினைத்திருந்தேன்.

கப்பலில் சமையல்காரராக இருந்த உமர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து, தன் மகள் கல்யாணத்துக்கு இவர் இறால் இறக்கிய சந்தோஷத்தில் இவர் கையில் கட்டிவிட்டது அது. ஏரி முகத்துவாரத்தில் இறால் அதிகம் விழும் இடங்களில் நினைத்தவர்கள் வலை போட முடியாது. சீட்டுப் போட்டு முறை வைத்திருக்கிறார்கள். அதற்குப் பாடு என்று பெயர். அப்பன் பாடு மகனுக்கு வரும். துளசிங்கத்தின் குப்பத்தில் நீர் வடியும்போது இரண்டு கூட்டத்தார் ஒருவர்பின் ஒருவராக இழுப்பார்கள். முன்பு, நட்ட கழியில் தண்ணீர் இறங்குவதைப் பார்த்துக் கைமாற்றிக்கொள்வது வழக்கம். வாட்ச் வந்ததும் கழியைப் பிடுங்கி எறிந்துவிட்டார்கள். முள் ஒரு சுற்றுப் போய்ப் புள்ளிக்குத் திரும்பினால் முறை முடிந்தது. துளசிங்கம் சொல்வதுதான் ஊருக்கு நேரம். "சோறு துன்ன கூப்ட்டாகூட வாட்ச பாத்துட்டுத்தான் வரும்" என்கிறார் மனைவி கோவிந்தம்மா.

எழுபத்தாறில் ஒரு காலை. துளசிங்கத்தின் கூட்டம் இழுத்துக்கொண்டிருந்தது. அடுத்த முறை கோவிந்தம்மாவின் அண்ணன் தசரதனுடையது. முறை முடியுமுன்பே அவர் வலையை இறக்கிவிட்டார். வாட்ச் அப்படித்தான் சொல்லிற்று. "தண்ணிய பாரு மாப்ள, எம்மாம் எறங்கிகீது பாரு!" என்று தசரதன் கத்தினார். துளசிங்கம் கையை உயர்த்திக் காட்டினார். "சீமை வாட்சு பொய் சொல்லுமா?" தொடங்கிய மணியை யாரும் மனதில் வைத்திருக்கவில்லை. பாடு திருடியவன் என்று தசரதன் பெயரை ஊர் சீட்டிலிருந்து எடுத்துவிட்டது. அவர் மகன்களுக்கும் சேர்த்துத்தான். குடும்பத்தோடு எளாவூர் போய், சோதனைச் சாவடியில் லாரிச் சரக்கு இறக்கும் கூலியாளானார்.

பல வருடம் கழித்து, கடைத்தெருவில் வாட்ச் ரிப்பேர் செய்யும் அப்துல் ஹையின் கடைக்கு, அதே கம்பெனியின் புது வாட்ச் ஒன்று வந்தது. துளசிங்கம் ஆசையாக வளையத்தைத் திருகினார். ஒரு பக்கம்தான் போயிற்று, மறுபக்கம் அசையவில்லை. "கெட்டுப்போச்சா பாய்?"

"கெடல துளசி. இப்ப அப்படித்தான் பண்றான். உன்னுது ரெண்டு பக்கமும் சுத்தும். எங்கனா பட்டு முன்னால தள்ளிட்சின்னு வை, ஆன நேரத்த கம்மியா காட்டும். காத்து தீந்து முழுகுறவன் உசுரு போயிடும்ல, அதான் மாத்திட்டான்."

தசரதனோடு சண்டை வந்த அன்று காலை வலைக்கயிறு மணிக்கட்டில் வாட்சை உரசி உரசிப் போனது துளசிங்கத்துக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நேரம் பார்ப்பவர் கயிறு பிடிக்கக் கூடாது என்று ஊரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. வளையத்தை நம்பி மச்சானை நம்பாமல் போனவர்மேல் எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் நான் அங்கே இருந்திருந்தாலும் வாட்ச் பக்கம்தான் பேசியிருப்பேன்.

பழைய வாட்சுகள் சேர்க்கும் மெட்ராஸ்காரர் ஒருவர் இதைத் தேடிக்கொண்டு வந்தார். இரண்டு பக்கமும் சுற்றுவதைக் கொஞ்ச காலம்தான் செய்தார்கள், அதனால்தான் இதற்கு இவ்வளவு மவுசு என்று சிலாகித்தார். "அந்த வளையந்தான்யா எங்க மச்சான ஊர வுட்டு தொரத்துச்சு" என்று சொல்லிவிட்டு துளசிங்கம் எழுந்து போய்விட்டார்.

ஒவ்வொரு சீட்டின்போதும் சபையில் எழுந்து நிற்பார். "தப்பு என்னுது. தசரதன் பேர சேருங்க." ஊர் முதலில் சிரித்தது, அப்புறம் சலித்துக்கொண்டது. இந்த வருடம்தான் இறங்கி வந்தது: தசரதன் நேரில் வந்தால் சேர்த்துக்கொள்ளலாம். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு எளாவூருக்குக் கிளம்பினார். துணைக்கு நானும் போனேன்.

தசரதன் லாரிமேல் நின்று, கீழே குனிகிறவர்களின் முதுகில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார். வளையத்தின் கதை முழுவதையும் துளசிங்கம் தரையில் நின்று அண்ணாந்தபடியே சொன்னார். "உம் பாடு உனக்கு வந்துட்சி மச்சான். வா."

தசரதன் துண்டால் கழுத்தைத் துடைத்தார். "தண்ணிய பாருன்னு அன்னிக்கே சொன்னேன்ல மாப்ள." அடுத்த மூட்டையை எடுத்தார். "எனக்கு தோளு போச்சு. பசங்க ரெண்டு பேருக்கும் வலய பிடிக்கவே தெரியாது. எவன் வருவான்?"

பின்னால் மூட்டைக்குக் காத்து நின்ற கூலியாட்கள் சத்தம் போட்டார்கள். துளசிங்கம் நகரவில்லை. சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, லாரிக்கு முதுகைக் காட்டிக் குனிந்து நின்றார். தசரதன் கையிலிருந்த மூட்டையைக் கீழே வைத்தார். பிறகு உள்ளே போய்த் துழாவி, இருப்பதிலேயே சின்னதாக ஒரு மூட்டையை எடுத்து வந்து, அவர் முதுகில் மெதுவாக வைத்தார்.