பெரிய சில்லு மடக்கு சைக்கிளில் இறக்கக்கண்டி வரை

ஜூன் மாதம், இரண்டாம் ஞாயிறு, காலை 5.50. திருகோணமலை உட்துறைமுக வீதியில் எங்கள் வீட்டு வாசலில் இரண்டு மடக்கு சைக்கிள்கள் நின்றன. ஒன்று என்னுடையது: பதினாறு அங்குலச் சில்லு, பதினொரு கிலோ. மற்றது வெளிநாடு போகும் நண்பர் நேசன் விற்கவிருப்பது: இருபத்துநான்கு அங்குலம், பதினான்கு கிலோ, நாற்பத்தையாயிரம் ரூபாய். மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

வாங்க நினைத்தது என் மனைவி சுகந்திக்காக. சென்ற ஆண்டு உப்புவெளியில் அவருடைய சைக்கிளின் சின்னச் சில்லு குழியொன்றில் இறங்க, விழுந்து முழங்கை உடைந்தது. அன்றோடு சைக்கிளை விட்டுவிட்டார். இன்று வந்ததே என் கரைச்சல் தாங்காமல்தான். பிடிக்காவிட்டால் இனி நான் கேட்கவே கூடாது என்பது பேச்சு.

6.25. சாம்பல்தீவுப் பாலம். சுகந்தி முதலில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் பிறேக் பிடித்தார். பாலம் தாண்டியதும் அதை மறந்துவிட்டார். பெரிய சில்லு பள்ளங்களின் மேலாக உருண்டு போகிறது. என்னுடையது ஒவ்வொன்றுக்குள்ளும் இறங்கி ஏறியது.

7.00. நிலாவெளியில் தேநீர். மடித்துப் பார்த்தோம். சின்னதற்கு அரை நிமிடம். பெரியதற்கு நாங்கள் இருவரும் கடைக்காரரும் தேவைப்பட்டோம். மடித்த பிறகும் அது ஆள் உட்காரும் கதிரை அளவு இடம் பிடித்தது.

“இதை மடிக்கிற நேரத்துக்கு வீட்டை போய்ச் சேரலாமே, ஐயா,” என்றார் கடைக்காரர்.

7.40. இறக்கக்கண்டி. பதினெட்டு கிலோமீற்றர். கரைக்கு வந்த மீன்பிடி வள்ளங்களைப் பார்த்தபடி இடியப்பம் சாப்பிட்டோம். ஒன்பதரைக்குத் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று எழுந்தது. திரும்பும் வழியில் அது முகத்தில் அடிக்கும். இதற்காகவே சைக்கிள்களை மடித்துக்கொண்டு பஸ்ஸில் திரும்புவதென்று திட்டமிட்டிருந்தேன்.

10.20. புல்மோட்டையிலிருந்து வந்த பஸ் நிறைந்திருந்தது.

“சின்னதை ஏத்துங்கோ. மற்றது ஏலாது, கதவை அடைக்குது,” என்றார் கண்டக்டர்.

“நீர் சின்னதோட ஏறும். பெரிசை நான் ஓடிக்கொண்டு வாறன்,” என்றேன் சுகந்தியிடம்.

“ஏன்? இவ்வளவு தூரம் ஓடிக்கொண்டு வந்தது நான். நீங்கள் ஏறுங்கோ.”

“காற்றைப் பாரும்.”

“பாத்தனான். ஏறுங்கோ.”

“ஐயா, குடும்ப வழக்கை டவுனில வைச்சுக்கொள்ளுங்கோ. பஸ் போகோணும்!” என்றார் கண்டக்டர்.

ஏறினேன். பக்கத்தில் மீன் கூடையோடு இருந்த பெண் கேட்டார்: “அக்காவை வெயிலில விட்டிட்டு நீங்கள் பஸ்ஸிலயோ?”

“அவதான் ஏத்திவிட்டவ.”

“அப்ப பேசாம இருங்கோ.”

சற்றுத் தூரத்தில் பஸ் சுகந்தியை முந்தியது. குனிந்து மிதித்துக்கொண்டிருந்தார். கை காட்டினேன், அவர் பார்க்கவில்லை.

11.05. வீடு. பதினொன்றரைக்குத் தொலைபேசியில் அழைத்தேன்; எடுக்கவில்லை. பன்னிரண்டுக்கும் எடுக்கவில்லை. தெருமுனையில் போய் நின்றேன். அந்த முழங்கை நினைவுக்கு வந்தது. பயணம் முழுக்கக் கிலோவும் அங்குலமும் எழுதிய குறிப்புப் புத்தகம் கையிலேயே இருந்தது. ஒரு வரியும் ஓடவில்லை.

12.20. முகம் சிவந்து, தலைமுடி எல்லாம் மணலாக, சுகந்தி வந்து சேர்ந்தார். இரண்டு செம்பு தண்ணீர் குடித்துவிட்டு நேசனை அழைத்தார்.

“அண்ணை, சைக்கிளை வேற ஆருக்கும் குடுத்துப்போடாதேங்கோ.”

அது கனம், மடிக்கச் சிரமம், பஸ்ஸில் ஏறாது என்று நான் நினைவூட்டினேன்.

“அடுத்த ஞாயிறு இதிலும் தூரம், தோப்பூருக்குப் போவம்,” என்றார். “நீங்கள் வேணுமெண்டா பஸ்ஸில வாங்கோ.”