கண்ணனுக்காக வாய் கொப்பளிப்பவர்

தையல்காரம்மாவின் மெஷின் பெல்ட் அறுந்துபோன அன்று, அவள் தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்புவதற்குள் யாரோ ஒரு தோல்வாரை அளவாக வெட்டிச் சக்கரத்தில் மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். மெஷின் முன்னைவிட நன்றாகவே ஓடியது. யார் செய்த உபகாரம் என்று நான்கு நாள் தெரியவில்லை. ஐந்தாம் நாள் பொம்மலாட்டம் பார்க்கப் போனவள், இலங்கையை எரிக்க வந்த அனுமாருக்கு வாலே இல்லாததைக் கண்டாள். "வால் எங்கடா?" என்று ராவணன் அதட்ட, "அவசரமா ஒருத்தருக்கு வேண்டியிருந்துச்சு, குடுத்துட்டேன்" என்றார் அனுமார். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்தப் பொம்மலாட்டக்காரர் இருப்பது அவள் கடைக்கு எதிர் அறையில். நெட்டை உடம்பு, தரையை விட்டு நிமிராத பார்வை. நடக்கும்போதே குனிந்து பிஸ்கட் உறை, பாட்டில் மூடி, உறிஞ்சு குழாய் என்று பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். "நான் துவைக்கிறது சட்டையா, குப்பைத்தொட்டியா?" என்று அவர் மனைவி வாரம் தவறாமல் கேட்பாள்.

"கீழ கிடந்தாத்தான் குப்பை. என் பைக்குள்ள வந்துட்டா காளியன்" என்பார்.

மெய்தான். ஆற்றை நஞ்சாக்கிய காளியனை அவர் அந்தக் குப்பையிலேயே செய்திருந்தார். எண்ணெய் டப்பாவில் ஐந்து தலை, உறிஞ்சு குழாயில் நாக்கு, உடம்பு முழுக்கப் பால் பாக்கெட்டும் மிட்டாய் உறையும். வெள்ளைத் துணியின் மேல் அத்தனையையும் வைத்து இரட்டைத் தையல் போட்டது தையல்காரம்மாதான். இரண்டு வாரம் முதுகு ஒடிந்தது.

மற்ற பொம்மைகள் வாய்க்கு வந்ததைப் பேசலாம். அனுமார் நையாண்டி பண்ணுவார், ராவணன் தும்முவான். கண்ணன் மட்டும் பெரியவர்கள் எழுதி வைத்ததைத்தான் பேசுவான். அவனுக்குக் குரல் கொடுக்குமுன் ஒவ்வொரு தடவையும் அவர் ஒரு வாய் தண்ணீர் எடுத்துக் கொப்பளிப்பார். திரைக்குப் பின்னால் அந்தச் சத்தம் கேட்டாலே முன்வரிசைப் பிள்ளைகள், "கண்ணன் வர்றான் டோய்!" என்று கத்தும்.

பள்ளிக்கூடத்தில் ஆட்டம் நடந்த அன்றும் பிள்ளைகள் அப்படித்தான் கத்தினார்கள். கண்ணன் ஐந்து தலையிலும் மாறி மாறி ஆடினான். "காளியா, இந்த ஆற்றை விட்டுப் பெண்டு பிள்ளைகளோடு கடலுக்குப் போ" என்று புராணத்தில் உள்ளபடி உத்தரவிட்டான். காளியனும் சரசரவென்று கிளம்பியது.

"சாமி, கொஞ்சம் நில்லு!"

பள்ளிக்கூடம் பெருக்குகிற அக்கா, கையில் விளக்குமாற்றோடு எழுந்து நின்றாள். "இவ்வளவு குப்பையையும் கடலுக்கு அனுப்பிட்டா, அங்க யாரு பெருக்குறது?"

பிள்ளைகள் ஓவென்று சிரித்தார்கள். பிறகு கண்ணன் என்ன சொல்லப் போகிறான் என்று வாயைப் பிளந்துகொண்டு காத்திருந்தார்கள். கொப்பளிக்கும் சத்தம் கேட்டது. மறுபடியும் கேட்டது. மூன்றாம் முறையும் கேட்டது. கண்ணன் பேசவில்லை.

பக்கவாட்டில் உட்கார்ந்திருந்த தையல்காரம்மாவுக்குத் திரையின் பின்புறம் தெரிந்தது. கயிற்றைப் பிடித்தபடி நின்ற அவருக்கு வேர்த்துக் கொட்டியது.

"ஏதாவது சொல்லுங்களேன்" என்றாள், அவரோடு பொம்மை ஆட்டும் மனைவி.

"கண்ணன் வாயில என் வார்த்தையை எப்படிடி வைப்பேன்? பாவமில்லையா? அந்தம்மா கேக்குறதும் நியாயமாத்தானே இருக்கு!"

"தள்ளுங்க. என் வாயில வைக்கிறேன்."

காளியனின் பெண்சாதி பொம்மை அவள் கையில் எழுந்து கும்பிட்டது. "கண்ணா, எங்க வீட்டுக்காரர் தாராளமா கடலுக்குப் போகட்டும். தின்னதையெல்லாம் இங்கயே கக்கிட்டுப் போகச் சொல்லு. இத்தனை வருஷமா இந்த நாத்தத்தோட குடித்தனம் பண்ணினவ கேக்குறேன்!"

கண்ணன் அப்போதும் பேசவில்லை. சரியென்று தலையை மட்டும் ஆட்டினான்.

அவ்வளவுதான், பிள்ளைகள் காளியன் மேல் பாய்ந்தார்கள். இழுத்தார்கள், தொங்கினார்கள், ஒரு பாக்கெட்கூட அசையவில்லை. "எந்தப் புண்ணியவதிடி இப்படித் தச்சா?" என்று அக்கா மூச்சு வாங்கினாள். புண்ணியவதி வெட்கத்தோடு கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு எழுந்தாள். தன் இரண்டு வார வேலையைத் தன் கையாலேயே பிரித்துப் போட்டாள். அக்கா அத்தனையையும் சாக்கில் அள்ளிக் கட்டிவிட்டு, "ம், இப்பப் போகச் சொல்லு" என்று உத்தரவு கொடுத்தாள். நூல் பிசிறிய வெள்ளைத் துணிப் பாம்பு லேசாக நெளிந்து நெளிந்து கடலுக்குப் போனது.

மறுநாள் பொம்மலாட்டக்காரர் தையல் கடை வாசலில் வந்து தயங்கி நின்றார். "பெரியவங்க எழுதாததைச் செஞ்சுட்டோமோ, தங்கச்சி? ராத்திரி பூரா தூக்கமில்ல."

"காளியனோட பெண்சாதிங்க கண்ணன்கிட்ட வேண்டிக்கிட்டாங்கன்னு புராணத்துல இருக்கா இல்லையா, அண்ணே?"

"இருக்கு."

"முழுசா என்னென்ன வேண்டிக்கிட்டாங்கன்னு நாம கூட நின்னா கேட்டோம்?"

அவர் முகம் மலர்ந்துவிட்டது. அதன்பின் எல்லாப் பள்ளிக்கூடத்திலும் காளியன் கக்கிவிட்டுத்தான் போகிறது. ஆட்டத்துக்கு ஆட்டம் தைத்தாக வேண்டும். தையல்காரம்மா இப்போது ஒற்றை ஓட்டாக, நீள நீளத் தையல் போடுகிறாள்.

கடைசியாக அவர் வெளியூர் ஆட்டங்களுக்குப் புறப்பட்ட அன்று, வண்டியில் ஏற்றுமுன் காளியன் முதுகில் ஒரு பால் பாக்கெட்டை இரண்டு விரலால் பிடித்து இழுத்துப் பார்த்தார். அது கையோடு வந்துவிட்டது.

"இப்பத்தான் தங்கச்சி, உனக்குத் தையல் கைவந்திருக்கு" என்றார்.