கீழே யாரும் இல்லை

மூன்றாம் வகுப்பில் துனிசியாவைப் பற்றி ஒரு பாடம் வந்தது. அங்கே வறண்ட மலைப்பக்கத்தில் பெரிய பள்ளம் தோண்டி, அதன் சுவர்களைக் குடைந்து அறைகளாக்கி, தலைமுறை தலைமுறையாக நிலத்துக்கடியில் வாழ்கிறார்களாம். வெயிலுக்குக் குளுமை, குளிருக்குக் கதகதப்பு என்றார் டீச்சர். நானும் அப்படித்தான் என்று பெருமையாகக் கை தூக்கினேன். அமெரிக்காவில், வெஸ்ட் வின்ட்சரில், அப்பாவுடன் கல்லூரியில் படித்தவர் வீட்டுக்கு அடியில் இருந்த பேஸ்மென்ட்டில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். குளுமைக்குக் குறைவில்லை. கதகதப்பு மேலே இருப்பவர்கள் மனது வைத்தால் உண்டு.

வேலை போயிருந்த அப்பாவுக்கு அதைவிட மலிவாக வேறு இடம் கிடைக்காது. ஜன்னல் இல்லாத பேஸ்மென்ட்டில் ஆள் தங்கக் கூடாது என்பது ஊர்ச் சட்டம். வாடகை குறைந்தது அதனால்தான், நட்பினால் அல்ல.

புது வாட்டர் ஹீட்டரைப் பார்க்க ஒரு வெள்ளிக்கிழமை நகராட்சி இன்ஸ்பெக்டர் வருவதாக இருந்தது. ஹீட்டர் இருந்தது எங்கள் பேஸ்மென்ட்டில். முதல் நாள் மேல்வீட்டு ஆன்ட்டி இறங்கி வந்தார்.

"நாளைக்கு ஒரு நாள் எல்லாத்தையும் க்ளியர் பண்ணிடுங்க. கீழ யாரும் இல்லன்னு சொல்லியிருக்கோம். தப்பா எடுத்துக்காதீங்க."

மெத்தை, குக்கர், துணிமணி எல்லாம் காரில் ஏறின. எனக்கு அன்று பள்ளி விடுமுறை. ரயில் ஸ்டேஷன் பார்க்கிங்கில் காருக்குள்ளேயே புளிசாதம் சாப்பிட்டோம். துனிசியாவில் இன்ஸ்பெக்டர் வந்தால் எல்லோரும் எங்கே ஒளிந்துகொள்வார்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அப்பா ரேடியோவைப் போட்டார்.

மாலையில் திரும்பியபோது ஆன்ட்டி வாசலிலேயே நின்றிருந்தார்.

"ஆள் இல்லாத பேஸ்மென்ட்ல விளக்கு எப்படி எரியுதுன்னு கேக்கறான். நாங்க என்னன்னு சொல்றது? இந்த வாரத்துக்குள்ள வேற எடம் பாத்துக்கோங்க."

காலையில் சாமி படங்களைச் செருப்புகளோடு டிக்கியில் போட அம்மாவுக்கு மனம் வரவில்லை. ஹீட்டர் பக்கத்து அலமாரித் தட்டிலேயே விட்டுவிட்டாள். சாமியை யாரும் குடித்தனக்காரர் கணக்கில் சேர்க்கமாட்டார்கள் என்று நினைத்திருப்பாள். போதாததற்கு வெள்ளிக்கிழமை. இந்த இடம் கைவிட்டுப் போகக் கூடாது என்று வேண்டிக்கொண்டு, கிளம்பும் முன் எண்ணெயை நிறைய ஊற்றி அகல் ஒன்றை ஏற்றியிருக்கிறாள். சாமி பார்த்ததோ இல்லையோ, இன்ஸ்பெக்டர் பார்த்துவிட்டார்.

"மன்னிச்சுக்கோங்க அக்கா, இனிமே ஏத்த மாட்டேன்," என்றாள் அம்மா.

ஆன்ட்டி மேலே தன் பூஜையறையில் விளக்கேற்ற நேரமாகிவிட்டதென்று உள்ளே போய்விட்டார்.

விளக்கேற்றியதற்கு ஏன் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. போக்கிடம் இல்லை என்பதும் விளங்கவில்லை. புது வீட்டில் ஜன்னல் இருக்குமா என்று அம்மாவிடம் ஆசையாகக் கேட்டேன்.