மிக்ஸிங் பாவாடை வெளுத்த முகங்கள்

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மாடியில் ஓர் அறை. அதில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு டேபிள் ஃபேன், பாவாடை. ஃபேன் கம்ப்யூட்டரைப் பார்த்துச் சுற்றும், பாவாடை வேர்த்துக்கொண்டிருப்பான். அவன் பெயரைக் கேட்டுச் சிரிப்பவர்கள் வெளியூர்க்காரர்கள். எங்கள் பக்கம் அது சாமி பேர்.

கல்யாண வீடியோவை வெட்டி ஒட்டி, பாட்டுப் போட்டு, பூத்தூவி, சிடியாக்கித் தருவதற்கு இங்கே மிக்ஸிங் என்று பெயர். 2004-இல் அந்த வேலைக்கு வந்தவர்கள் எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: பொண்ணு செவப்பாத் தெரியணும்.

முதலில் பாவாடை பிரைட்னஸைத்தான் ஏற்றினான். முகம் வெளுத்தது, கூடவே ஊரும் வெளுத்தது. வெள்ளைச் சட்டைக்காரர்கள் உடம்பே இல்லாமல் தலையும் கையுமாக மிதந்தார்கள். பந்தல்மேல் பறந்த காக்கை கொக்காக இறங்கியதை நானே பார்த்தேன். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம்.

அப்புறம் இன்னொரு வித்தை கற்றான். படத்தில் ஒரு நிறத்தின் மேல் மவுஸை வைத்து அமுக்கினால், கம்ப்யூட்டர் அந்த நிறத்தை மட்டும் பிடித்துக்கொள்ளும்; அதை மட்டும் வெளுக்கலாம். சேலை, பூ, தோரணம் எல்லாம் அப்படியே இருக்கும்.

அரும்பாவூரில் அவன் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். மிக்ஸிங்கும் அவனுடையதே. மாதிரிக்கு ஒரு கன்னம் வேண்டியிருந்தது. மணப்பெண் முகத்தில் பவுடர், பயன்படாது. சீர்த்தட்டு வரிசையில், விளக்கு வெளிச்சத்துக்குக்கூடக் கண் சிமிட்டாமல் ஒரு பெண் நின்றாள். வேப்பந்தட்டை தங்கசாமியின் மகள் கமலவேணி. அவள் கன்னத்தில் மவுஸை வைத்தான். வைத்தவன் எடுக்க மறந்தான். நான்கு நாள் வேலை பத்து நாள் ஆனது அதனால்தான்.

அமுக்கியதும் கமலவேணி மட்டுமல்ல, வரிசையில் நின்ற அத்தனை பேரும் வெளுத்தார்கள். வெயிலில் களை வெட்டுகிற சனம். எல்லாருக்கும் ஒரே நிறம். கம்ப்யூட்டருக்கு யாரைத் தெரியும்?

பாவாடையின் அம்மா கலியம்மாள் அந்த சிடியைப் பார்த்தாள். கல்யாணத்தில் தோளோடு தோள் நின்றும் கண்ணில் படாத பெண், டிவியில் பட்டுவிட்டாள். இவள்தான் மருமகள், நம்ம நிறத்துக்கு ஏத்தவ என்று முடிவு செய்தாள். பாவாடைக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. அவளை வெளுத்தது நான்தான் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் அம்மா வேறு பெண் பார்ப்பாள். வாயை மூடிக்கொண்டு அம்மாவோடு வேப்பந்தட்டை பஸ் ஏறினான்.

கமலவேணி காபி கொண்டுவந்தாள். கலியம்மாள் வாங்கி ஒரு மடக்குக் குடித்தாள்.

"பெரியவ கொண்டாந்து குடுத்துட்டா. சின்னவள வரச் சொல்லுங்கண்ணே."

தனக்கு ஒரே பெண்தான் என்றார் தங்கசாமி. கலியம்மாள் நம்பவில்லை. செவத்த பெண்ணை ஒளித்துவைத்துக் கறுத்த பெண்ணைக் காட்டுகிறார்கள் என்று நினைத்து, பையிலிருந்து சிடியை எடுத்துப் போடச் சொன்னாள். சீர்த்தட்டு வரிசை வந்ததும் விரலை நீட்டினாள்.

கமலவேணி டிவியைப் பார்த்தாள்.

"அது நான்தான் அத்தை. ஏன் சுண்ணாம்படிச்ச மாதிரி இருக்கேன்னுதான் வெளங்கல. பக்கத்துல என்னாட்டமே வெள்ளையா ஒரு அம்மா நிக்குதே, அது யாரு?"

நீட்டிய விரல் மடங்கியது.

"நான்தான்டி," என்றாள் கலியம்மாள்.

எல்லாரும் டிவியைப் பார்த்தார்கள், கலியம்மாளைப் பார்த்தார்கள், கடைசியில் பாவாடையைப் பார்த்தார்கள். அம்மாவின் நிறத்தைக் காப்பாற்றினால் பெண் போய்விடும். பெண் வேண்டுமென்றால் அம்மா கறுக்கவேண்டும்.

"மாத்துனது நான்தாம்மா. ரெண்டு பேரையும்."

கலியம்மாள் மீதிக் காபியைக் குடித்து முடித்தாள். "எனக்கு எம்புட்டு ஏத்துன?"

"ரெண்டு பேருக்கும் ஒரே அளவு. நெசத்துலயும் ஒரே நெறந்தான்."

கறுப்பு என்று பெண்ணை வேண்டாம் என்றால், அதே வாயால் தன்னையும் சொன்னதாகும். அதுவும் சம்பந்தி வீட்டில், சிடி ஓடிக்கொண்டிருக்கும்போது. கலியம்மாள் விவரமானவள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, நிறமா சோறு போடப்போகுது என்றாள். தட்டை மாற்றிக்கொண்டார்கள்.

கமலவேணி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: தன் கல்யாண சிடியில் தன் முகத்தைத் தொடக்கூடாது. பாவாடை தலையாட்டினான். பஸ்ஸில் வரும்போது அம்மாவும் ஒன்று கேட்டாள். அதற்கும் தலையாட்டினான்.

ஒரே நிறத்தில் ஒருத்தியை மட்டும் எப்படிப் பிடிப்பது? அம்மா முகத்தைச் சுற்றிக் கோடு போட்டு, அவள் நகர நகரக் கோட்டையும் நகர்த்தி வெளுத்தான். முதல் பிள்ளைக்குக் காது குத்திய பிறகுதான் சிடி வந்தது.

அந்தக் கல்யாணத்தில் ஊரே ஊர் நிறத்தில் இருக்கும். நடுவில் ஒரு முகம் மட்டும் டியூப்லைட்டாக நடமாடும். யார் இந்த வெள்ளைக்காரி என்று இன்றும் கேட்கிறார்கள். சின்ன வெங்காயக் காட்டில் களை வெட்டிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் கலியம்மாள், முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு சொல்வாள்:

"வெயில் படாத ஒடம்பு. அதான்."