முதல் தேதி அம்மா

அந்த அம்மாவுக்கு நாங்கள் வைத்த பெயர் "முதல் தேதி அம்மா". மாதா மாதம் ஒன்றாம் தேதி, கதவு திறப்பதற்கு முன்பே படியில் வந்து நிற்பார். அருங்காட்சியகத்துக்கு வருகிறவர்களைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் கிடையாது. முக்கால்வாசிப் பேர் மின்விசிறிக்கு அடியில் உட்கார வருகிறார்கள். மீதிப் பேர் கழிப்பறை எங்கே என்று கேட்க வருகிறார்கள். இவர் மட்டும் நங்கூரம், பழைய படகு எதையும் ஏறெடுத்தும் பார்க்காமல், என் காவலில் இருக்கும் துறைமுகக் கூடத்துக்கு நேரே வந்து ஒரு கண்ணாடிப் பெட்டியின் முன்னால் நிற்பார்.

பெட்டியில் இருப்பது பழைய கடல்மட்டப் பதிவேடு. துறைமுக எழுத்தர் ஒருவர் காலையும் மாலையும் துறைமுகப் படியிறங்கி, தண்ணீரில் நட்டிருக்கும் அளவுகோலைப் பார்த்துவிட்டு, மேலே அறைக்கு வந்து அளவை எழுதுவார். அந்த எழுத்தர் இவருடைய கணவர். ஒரே பக்கம் வெளிச்சத்தில் கிடந்தால் மை வெளிறிவிடும் என்பதால் மாதம் ஒரு தாள் புரட்டுவோம். பெட்டிச் சாவி என்னிடம் இருக்கிறது.

மூன்றாவது மாதம்தான் வாயைத் திறந்தார்.

"அன்னைக்கு மத்தியானம் சாப்பிட வந்தவரை வாய்க்கு வந்தபடி பேசிட்டேன் தம்பி. நீங்க இருந்தும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்னு சொல்லிட்டேன். கையைக் கழுவிட்டுப் போயிட்டாரு. மறுநாள் காலையில படிக்குக் கீழே இருந்து தூக்கிட்டு வந்தாங்க."

பாசி வழுக்கியிருக்கும் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். பெண்டாட்டியின் வாய்தான் தள்ளியது என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். பதிவேட்டை அவர் கண்ணில் யாரும் காட்டவில்லை. ஏழு வயது மகளை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். இருபத்தாறு வருடம் படுக்கை விரிப்பு மடித்ததில் வலது கையில் இரண்டு விரல்கள் கோணிவிட்டன. மகள் இப்போது வெளியூரில் குடும்பத்தோடு இருக்கிறாள். அப்பா எப்படிச் செத்தார் என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லையாம்.

"கேட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றார்.

பிறகு பெட்டியைக் காட்டிச் சொன்னார்: "கடைசி நாள் சாயங்கால அளவு இதுல இருக்கக் கூடாது தம்பி. எழுதலைன்னா, பார்க்க இறங்கினப்போ வழுக்கியிருக்காருன்னு அர்த்தம். எழுதியிருந்தா, வேலை முடிஞ்சப்புறம் அவருக்கு அங்க என்ன வேலை?"

"சாவி என்கிட்டதான் இருக்கு. இப்பவே கடைசித் தாளைப் புரட்டிக் காட்டிடவா?"

"வேணாம், வேணாம்" என்று பதறிவிட்டார். "முப்பத்தோரு வருஷம் தெரியாமலே இருந்துட்டேன். மெதுவாவே வரட்டும்."

பயம் ஒரு பக்கம் இருந்தாலும், அந்த எழுத்தைப் பார்ப்பதில் அவருக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டுவார். "இந்த வாரம் அவருக்குச் சளி. பாருங்க, எழுத்தெல்லாம் படுத்துக் கிடக்கு!" சிரிப்பார். என்னமோ அந்த மனுஷன் பக்கத்து அறையில் இருமிக்கொண்டிருப்பது போல இருக்கும். நான் யாரோடும் ஒட்டுகிற ஆள் இல்லை. ஆனாலும் முப்பதாம் தேதி ஆனால் பெட்டிச் சாவியை எடுத்து எடுத்துப் பார்க்கத் தொடங்கினேன்.

போன ஒன்றாம் தேதி காலையில் கடைசித் தாளைப் புரட்டியதும் பார்த்துவிட்டேன். பேசாமல் பழைய பக்கத்துக்கே திருப்பிவிடலாமா என்று கை துறுதுறுத்தது. இன்னொரு மாதம் தள்ளிப்போடலாம், அவ்வளவுதான். அதற்குள் வாசல் திறந்துவிட்டது.

அவர் கண்ணாடி மேல் விரலை வைத்து வரிசையாக இறங்கினார். காலை அளவு. மாலை அளவு. பக்கத்தில் முழுக் கையெழுத்து. அதற்குக் கீழே வெறும் கட்டங்கள்.

விரல் அந்தக் கையெழுத்தின் மேலேயே இருந்தது. என்னால் தாங்க முடியவில்லை.

"சில பேரு உத்தேசமா முன்கூட்டியே எழுதி வச்சிடுவாங்கம்மா. நாங்களே சாயங்காலக் கையெழுத்தைக் காலையிலேயே போட்டுடுவோம்" என்றேன்.

அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. இத்தனை மாதத்தில் என்னிடம் கோபப்பட்டது அன்றுதான்.

"அவரா? நல்லா சொன்னீங்க! தண்ணியைப் பார்க்காம ஒரு எண் எழுத மாட்டாரு தம்பி. காய்ச்சலோட, கொட்டுற மழையில இறங்கிப் பார்த்துட்டு வந்து எழுதின மனுஷன்!"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. பெட்டியைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.